கையால் மிதித்த கிளட்ச்

"தள்ளு மச்சான், தள்ளு! இன்னும் அரை விரக்கடைதான்!"

"நீ வந்து படுத்துப் பாரு மாப்ளே. அரை விரக்கடை எம்புட்டுன்னு அப்பத் தெரியும்!"

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான் தேவசகாயம். அவன் மார்பின் மேல் ஆட்டுக்கல் கனத்தில் ஒரு கியர்பாக்ஸ். இரண்டு கையாலும் அதை ஏந்தி, முழங்காலால் பின்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்து, முன்னால் நீட்டிக்கொண்டிருந்த தண்டை எஞ்சினுக்குள் செருகப் பார்த்தான். தண்டு கிளட்ச் தட்டின் நடு ஓட்டை வரைக்கும் போயிற்று. அங்கே முரண்டு பிடித்து நின்றுவிட்டது.

காருக்குள்ளே தரைப்பலகையைக் கழற்றிய பள்ளத்தின் மேல் குப்புறப் படுத்திருந்தான் மிக்கேல். கியர்பாக்ஸைச் சுற்றிக் கட்டிய கயிறு அவன் இரண்டு உள்ளங்கையையும் அறுத்தது. வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து, சொட்டுச் சொட்டாக மச்சானின் முகத்தில் விழுந்தது.

"மேல மழை பெய்யுதா மாப்ளே?"

"வெளயாடாத மச்சான். நேரம் என்ன ஆவுது?"

பெரம்பலூர் வெயில் உச்சியைத் தாண்டிவிட்டது. திருச்சி பாசஞ்சர் நான்கு மணிக்கு அரியலூரில் நிற்கும். நடுவில் இருபது மைல் மண் ரோடு. காரோ குடல் உருவிய ஆடு மாதிரி கொட்டகையில் கிடக்கிறது.

அந்த ரயிலில் அமலோற்பவம் வருகிறாள். மிக்கேலின் மனைவி, தேவசகாயத்தின் தங்கை. ஐந்து வருஷம் கழித்து இன்றைக்குத்தான் புருஷன் அவளைப் பார்க்கப்போகிறான். அவள் ஸ்டேஷனை விட்டு வெளியே வரும்போது மிக்கேல் இந்தக் காரின் ஸ்டியரிங்கிற்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் போதாது. வண்டியை அவனே ஓட்டி வந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் அவள் அவனை முதன்முதலில் பார்த்ததே அப்படித்தான். அப்போது அவன் அரியலூர் – திருமானூர் பஸ் ஓட்டினான். கீழப்பழுவூரில் ஏறும் அந்தப் பெண் டிரைவருக்கு நேர் பின் சீட்டில்தான் உட்காருவாள். அந்த இடம் இல்லாவிட்டால் நின்றுகொண்டு வருவாள். கல்யாணம் ஆன பிறகு ஒருநாள் கேட்டான்: "அப்படி என்னத்தப் புள்ள கண்ட எங்கிட்ட?" அவள் யோசிக்காமல் சொன்னாள்: "நீங்க கியர் மாத்துறப்ப வண்டிக்கே தெரியாதுங்க."

அந்த ஒரு வார்த்தையை மடியில் முடிந்துகொண்டுதான் நாற்பத்தொன்றில் பட்டாளத்துக்குப் போனான். இம்பால் மலைப்பாதையில் அவன் ஓட்டிய லாரி உருண்டது. தூக்கி எடுத்தபோது இடது காலை முழங்காலுக்கு மேலோடு எடுத்துவிட வேண்டியதாயிற்று.

அமலோற்பவத்துக்கு அதைச் சொல்லவே இல்லை. சண்டை நாளில் திருச்சியில் கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குப் போனவள் அங்கேயே இருந்தாள். பட்டாளத்தில் வீட்டு விலாசம் கேட்டபோது மிக்கேல் மச்சானின் பெரம்பலூர் விலாசத்தைத்தான் கொடுத்திருந்தான். அடிபட்ட தந்தி வந்ததும் அங்கேதான். "எந்தங்கச்சிகிட்ட இத எப்படி மறைக்கிறது?" என்று, பெங்களூர் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்த தேவசகாயம் குதித்தான். மிக்கேல் விடவில்லை. ஏலாக்குறிச்சி மாதா பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டான். ஊருக்கு வந்த பிறகும் மச்சானின் ஒர்க்‌ஷாப்பில் ஒளிந்த மாதிரிதான் இருந்தான். அவளுக்குப் போன கடுதாசியில் எல்லாம், பட்டாளம் இன்னும் விடவில்லை என்றே இருந்தது. போன வாரம்தான், 'வந்துவிட்டேன், புறப்பட்டு வா' என்று எழுதினான்.

கிளட்சை இடது காலால்தான் மிதிக்க வேண்டும். இடது கால் இல்லாதவன் என்ன செய்வான்?

அதற்குத்தான் இந்தக் கூத்து. பட்டாளத்து வண்டிகள் ஏலத்துக்கு வந்தபோது தேவசகாயம் ஒரு கியர்பாக்ஸைக் கிளட்சோடு பிடித்துவந்தான். கிளட்சை விடுவிக்கும் குறுக்குத் தண்டு அதில் வலது பக்கமும் வெளியே நீண்டிருந்தது. அந்த முனையில் ஒரு கைப்பிடிக் கம்பியைப் பொருத்தி, தரைப்பலகையைத் துளைத்து, கதவோரமாக மேலே கொண்டுவந்துவிட்டால் போதும். வலது கையால் பின்னுக்கு இழுத்தால் கிளட்ச் விடும். முன்னுக்கு விட்டால் பிடிக்கும். இடது கை கியருக்கு. வலது கால் பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும்.

"ஸ்டியரிங்க எதால பிடிப்ப? பல்லாலயா?" என்று அன்றைக்கே கேட்டான் தேவசகாயம்.

"கெளப்பவும் நிறுத்தவும்தான் மச்சான் கிளட்ச் வேணும். ஓடுற வண்டிக்குக் காது போதும். எஞ்சின் சத்தம் எறங்கி வர்ற நேரம் பாத்துத் தட்டுனா கியர் வெண்ணெயில விரல் போற மாதிரி போவும். இம்பால் ரோட்டுல நான் அப்படித்தான் ஓட்டுனேன்."

"இம்பால் ரோட்ட இப்ப எதுக்கு இழுக்குற. அங்கதான உருண்ட."

அப்படி ஆரம்பித்த வேலை இப்போது அரை விரக்கடையில் நிற்கிறது.

"மச்சான், தட்டு நடுவுல உக்காரலை," என்றான் மிக்கேல். "தண்டுக்குப் பதிலா கட்டைய விட்டு நேர் பாத்துத்தான முடுக்குன?"

"பின்ன? சப்பரத் தச்சர்கிட்டக் குடுத்துக் கடைஞ்ச கட்டை. அதுல கோணல் கெடையாது."

"முடுக்குறப்ப ஒரு மயிரிழை எறங்கியிருக்கும். கிளட்ச் மூடி போல்ட்டுங்கள ஒரு சுத்துத் தளத்து. தட்டு ஆடட்டும். தண்டு தானா வழி தேடிக்கும்."

"தளத்திட்டு, உள்ள போனப்புறம் எப்படி முடுக்குறது? நான் என்ன எலியா?"

"கீழ ஓட்டை இருக்குல்ல? எஞ்சின் சக்கரத்தக் கையால சுத்திச் சுத்தி ஒவ்வொரு போல்ட்டா வரவச்சு முடுக்கு."

தேவசகாயம் முனகினான். கியர்பாக்ஸைக் கயிற்றில் தொங்கவிட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்தான். அவன் தளர்த்தி முடிக்கிற வரைக்கும் அந்தக் கனம் முழுவதும் மிக்கேலின் கையில். உள்ளங்கைத் தோல் வழன்று கயிற்றோடு ஒட்டியது. அவன் பிடியை விடவில்லை.

"இப்பத் தள்றேன். மாதாவே!"

டொக்.

கியர்பாக்ஸ் எஞ்சினோடு இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டது.

"அழுவுறியா மாப்ளே? மேல இருந்து மறுபடியும் சொட்டுது."

"வேர்வை மச்சான். முடுக்கு சீக்கிரம்."

போல்ட்டுகளை முடுக்கி, கைப்பிடிக் கம்பியை மாட்டி, தரைப்பலகையை மூடியபோது வாசலில் செருப்புச் சத்தம். பருத்தி மண்டி பெரியசாமி. காரை இரவல் கொடுத்த சொந்தக்காரர். கையில் குடை, வாயில் வெற்றிலை.

"என்னப்பா மிக்கேலு, ஓடுமா?"

"ஓடுங்க."

"ஓட்டிப் பாத்தியா?"

"பெட்ரோல் எங்கங்க இருக்கு ஓட்டிப் பாக்க? நீங்க குடுத்த ரேஷன் போயிட்டு வர்றதுக்கே சரி."

பெரியசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அப்பன்னா தேவசகாயம் ஓட்டட்டும். நீ பக்கத்துல குந்திக்க. பொண்டாட்டிதான வருது, கவர்னரா வரார்? எங்க குந்தியிருந்தா என்ன?"

மிக்கேல் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தான், விட்டான், மறுபடி இழுத்தான். அதைப் பார்த்துக்கொண்டே நின்ற பெரியசாமியின் குரல் தணிந்தது.

"சரி, போ. வண்டி போனா வண்டி. ஆளு முழுசா வந்து சேரு."

சொன்ன பிறகுதான் அந்த 'முழுசா' அவருக்கே உறைத்தது. குடையை விரித்துக்கொண்டு வெயிலுக்குள் போய்விட்டார்.

தேவசகாயம் மிக்கேலின் கக்கத்துக் கட்டையைப் பின் சீட்டில் போட்டான். மிக்கேல் பட்டாளத்துக் காக்கிக் கால்சட்டை போட்டிருந்தான். அதன் இடது பக்கத் துணியை மடித்து ஊக்குக் குத்தி, மேலே ஒரு கம்பளியை மடியோடு போர்த்திக்கொண்டான். சித்திரை வெயிலில் கம்பளி!

"கேட்டா என்ன சொல்லுவ?"

"குளிர் ஜுரம்னு சொல்லுவேன்."

"ஜுரக்காரன் ஓட்டுற வண்டியில எந்தங்கச்சிய ஏத்த மாட்டேன்."

தேவசகாயம் முன்னால் போய் எஞ்சினைக் கிளப்பும் கம்பியைச் சுழற்றினான். மூன்றாவது சுற்றில் எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. மிக்கேல் கைப்பிடியை இழுத்தான். இடது கையால் முதல் கியரைப் போட்டான். கைப்பிடியை மெல்ல, மெல்ல முன்னுக்கு விட்டான். கார் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நகர்ந்தது. ஓடிவந்து தொற்றிக்கொண்ட தேவசகாயம் வாயெல்லாம் பல்லாக இருந்தான்.

"நகந்துடுச்சுடா! மாப்ளே, நகந்துடுச்சு!"

ஊரைத் தாண்டியதும் கருப்பு மண். இரண்டு பக்கமும் பருத்தி எடுத்த காடு. எஞ்சின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்து மிக்கேல் இரண்டாம் கியரைத் தட்டினான். போயிற்று. கொஞ்ச தூரம் போய் மூன்றாவது. அதுவும் போயிற்று. அவனை அறியாமல் பாடினான். மாதா கோயில் பாட்டுத்தான். தாளத்துக்குத் தேவசகாயம் கதவைத் தட்டினான்.

பாட்டு பேரளி வரைக்கும்தான் நீடித்தது.

பேரளி வளைவில் ஒரு செம்மறி மந்தை ரோட்டை அடைத்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது. மிக்கேல் பிரேக்கை அழுத்தினான். அதே நேரம் கம்பளிக்கு அடியில் அவன் இடது தொடை துள்ளிக் கீழே இறங்கியது. மிதித்துவிட்டதாகவே நினைத்தான். பாதத்தில் பெடலின் ரப்பர் கூடத் தெரிந்தது. ஆனால் கைப்பிடி அப்படியே கிடந்தது. எஞ்சின் நாலு உதறு உதறி, கடைசி ஆட்டின் வாலுக்கு ஒரு முழம் முன்னால் செத்து நின்றது.

ஆட்டுக்காரர் காரையும் காருக்குள் இருந்தவர்களையும் ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்பா, ஓட்டத் தெரியாதா?"

மிக்கேலின் முகம் சாம்பலாயிற்று. தேவசகாயம் கம்பியைச் சுழற்ற இறங்கினான். எஞ்சின் எழுந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்து, ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"மாப்ளே, அந்தக் கால் பர்மாப் பக்கம் கெடக்கு. அங்கேர்ந்து மிதிச்சா இங்க எட்டாது."

மிக்கேல் சிரித்துவிட்டான். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"அது போவலை மச்சான்," என்றான் மிக்கேல், கியரைப் போட்டுக்கொண்டே. "இன்னும் அரிக்குது. கட்டைவிரலு சுருக்குன்னு குத்துது. ஆபத்துன்னா மொதல்ல அதுதான் எந்திரிக்குது."

"அப்ப அதுகிட்டச் சொல்லு. இனிமே கைக்குத்தான் வேலைன்னு."

"கை, கை, கை," என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான் மிக்கேல்.

தேவசகாயம் கொஞ்ச நேரம் கழித்து வேறு குரலில் பேசினான். "ஒண்ணு கேக்குறேன். இன்னிக்கு ஓட்டிட்ட. எறங்குறப்ப என்ன செய்வ? வூட்டு வாசல்ல எறங்கித்தான ஆவணும்?"

"தெரியும்."

"தெரிஞ்சு?"

"வாசல் வர்றதுக்குள்ள இருபது மைல் இருக்கு மச்சான். அந்த இருபது மைலுக்கு அவ பக்கத்துல உக்காந்து வரணும். நான் கியர் மாத்துறத அவ பாக்கணும். வண்டிக்குத் தெரியக் கூடாது. அதுக்கப்புறம் நானே கம்பளிய எடுத்துருவேன். அவ இருந்தா இருக்கட்டும். திருச்சிக்கே திரும்பிப் போறேன்னாலும் நானே கொண்டாந்து ரயிலேத்தி விடுவேன்."

தேவசகாயம் கையை நீட்டி, நழுவிய கம்பளியை அவன் மடியில் இழுத்துவிட்டான்.

அரியலூர் நெருங்கியது. தூரத்தில், தெற்கே, மரங்களுக்கு மேல் ஒரு கரிய புகை.

"ரயிலு!" என்று கத்தினான் தேவசகாயம். "மிதி மாப்ளே!"

வலது கால் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்தியது. புழுதி எழும்பியது. ஒரு மாட்டு வண்டி ஒதுங்கியது. இன்னொரு வண்டிக்காரன் வைதான். கடைத்தெருவில் நுழைந்தபோது புகை ஸ்டேஷன் கூரைக்கு மேல் நின்றுவிட்டது. மணி அடித்தது. ரயில் ஊதிக்கொண்டு கிளம்பும் சத்தமும் கேட்டது.

ஸ்டேஷன் முன்வெளியில் கார் திரும்பிய அதே நேரம், அவள் வெளியே வந்தாள்.

வெள்ளைச் சேலை. கையில் ஒரு டிரங்குப் பெட்டி. மெலிந்திருந்தாள். காதோரம் ஒன்றிரண்டு நரை. வெயிலுக்குக் கையை மறைப்பாக வைத்து இந்தப் பக்கம் பார்த்தாள். பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

மிக்கேல் மனசுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்த இடம் இது. கைப்பிடியை இழுக்க வேண்டும். கியரை எடுக்க வேண்டும். பூ விழுகிற மாதிரி அவள் முன்னால் கார் நிற்க வேண்டும். அவன் கை கைப்பிடிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

அவள் சிரித்தாள்.

கை மறந்துவிட்டது. கால் மட்டும் ஞாபகம் வைத்திருந்தது. இல்லாத இடது பாதம் முழுப் பலத்தோடு மிதித்தது. கார் வெறி பிடித்த மாதிரி குதித்து, குலுங்கி, ஜட்காக்காரர்கள் குதிரைக்கு வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியில் முட்டி, எஞ்சின் செத்து நின்றது. தண்ணீர் அலம்பித் தெறித்தது. ஒரு குதிரை கனைத்தது. ஜட்காக்காரர்கள் 'ஹோ'வென்று சிரித்தார்கள்.

பின் சீட்டிலிருந்து கக்கத்துக் கட்டை எகிறி, திறந்துகொண்ட கதவு வழியாக வெளியே விழுந்தது. விழுந்த இடம் அவள் காலடி. கம்பளி எப்போது சரிந்தது என்று மிக்கேலுக்குத் தெரியவில்லை. மடித்துக் குத்திய கால்சட்டை வெயிலில் பட்டவர்த்தனமாக இருந்தது.

அவன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி முன்னாலேயே பார்த்தான். திரும்பவில்லை. ஸ்டியரிங்கில் இரத்தக் கறை; கயிறு அறுத்த உள்ளங்கை.

அமலோற்பவம் குனிந்து கட்டையை எடுத்தாள். முந்தானையால் அதில் ஒட்டிய மண்ணைத் துடைத்தாள். பின் சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். சுற்றிவந்து, அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம் நின்றாள்.

"எறங்குண்ணே. பொட்டிய எடுத்துக்கிட்டுப் பின்னால போ."

தேவசகாயம் இறங்கினான். அவள் ஏறி மிக்கேலின் இடது பக்கம் உட்கார்ந்தாள்.

"கெளப்புங்க," என்றாள்.

"அமலோற்பவம்... நான்... கால் போயிருச்சு புள்ள."

"அதான் பாக்குறேனே. எதால கிளட்ச் மிதிக்கிறீங்க?"

அவன் கைப்பிடியைக் காட்டினான். அவள் அவன் மடிக்குக் குறுக்காகக் கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தாள். ஒருமுறை பின்னுக்கு இழுத்து விட்டுப் பார்த்தாள்.

"அண்ணன் வேலையா?"

"ரெண்டு பேரும் சேந்து."

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. தொட்டி பாவம்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த தேவசகாயத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "தங்கச்சி, நான் எதுவும் சொல்லக் கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டான். மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு நான் பட்ட பாடு... இப்படிப் பொசுக்குன்னு பாக்குறியே, ஒரு சத்தம் கூடப் போடலையே நீ? பயமா இல்லையா உனக்கு?"

"நீ சொல்லலண்ணே. அந்தக் கோவம் தனியா இருக்கு, வூட்டுக்கு வா, வச்சுக்கிறேன்."

"பின்ன எப்படி...?"

அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து மிக்கேலின் வலது கையைப் பிரித்தெடுத்து, வழன்ற உள்ளங்கையில் தன் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினாள். கட்டிக்கொண்டே பேசினாள்.

"பெங்களூர் ஆஸ்பத்திரியில உங்களப் பாத்துக்கிட்ட மதர், எங்க மடத்துக்காரங்க. அவங்க சொல்லி அனுப்புன அன்னிக்கே ரயிலேறிட்டேன். வந்து நிக்கிறப்ப உங்க கட்டிலுக்கும் எனக்கும் நடுவுல ஒரு துணித் தெரைதான். உள்ள நீங்க மதர்கிட்டச் சொல்லிட்டிருந்தீங்க: 'எம்பொண்டாட்டி வந்தா நான் செத்துட்டேன்னு சொல்லிடுங்க'ன்னு."

மிக்கேல் திரும்பினான். இவ்வளவு நேரம் திரும்பாதவன் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

"அன்னிக்கே உள்ள வந்திருந்தா மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பியிருப்பீங்க. நீங்களா கூப்புடுற அன்னிக்கு வரணும்னு இருந்தேன்." கைக்குட்டையின் முடிச்சை இறுக்கினாள். "ஆனா பாக்காமப் போவலைங்க. நீங்க தூங்குனப்புறம் உள்ள வந்து, இல்லாத காலுக்கும் சேத்துப் போர்வைய இழுத்துப் போத்தி விட்டுட்டுப் போனவ நான்தான்."